உதட்டசைவு

12.2.2024, வெள்ளிமலை

காலையில் எழுந்ததும் தொண்டை கட்டியிருந்தது. உப்பு போட்ட வெந்நீரில் கொப்பளித்தேன். மலையில் பனி ஜாஸ்தி, அதனால்தான் என்று யூனிட்டில் எல்லோரும் சொல்கிறார்கள். நானும் அதையே சொல்லிக்கொள்கிறேன். ஆனால் தீபாவளியிலிருந்தே இப்படித்தானே இருக்கிறது? சென்னையில் ஏது பனி?

இன்று சந்தைக் காட்சி. படத்தில் என் பெயர் குப்பு. ஆந்திரா பக்கம் செம்மரம் வெட்டப் போன மகன் ராசு திரும்பி வரவில்லை. குப்பு சந்தையில் ஒவ்வொரு கடையாக நின்று அவனைப் பார்த்தீர்களா என்று கேட்கிறாள். கடுக்காய் மூட்டையோடு உட்கார்ந்திருந்த அம்மாள் நிஜமாகவே சந்தைக்கு வந்தவள். சினிமா என்று அவளிடம் யாரும் சரியாகச் சொல்லவில்லை போல. நான் கேட்டதும், "எந்தூரு பையன்மா? போயி எத்தினி நாளாவுது?" என்று என் கையைப் பிடித்துக்கொண்டாள். கேமரா ஓடிக்கொண்டிருந்தது. நான் குப்புவாகவே பதில் சொன்னேன். டைரக்டர் தமிழழகன் கட் சொல்லவே இல்லை.

பிறகு அவளிடம் போய் இது நடிப்பு என்று சொன்னேன். கோபித்துக்கொள்ளவில்லை. "அப்ப உன் புள்ள நல்லாத்தான் இருக்கான். போதும் போ" என்றாள். எனக்குப் பிள்ளையே இல்லை என்று சொல்ல வாய் வரவில்லை.

14.2.2024

மேகம் இறங்கி எல்லாவற்றையும் மூடிவிட்டது. எதிரில் நிற்கிற ஆள் தெரியவில்லை. ஷூட்டிங் இல்லை.

தமிழழகன் வந்து உட்கார்ந்து என் கதையைக் கேட்டான். கள்ளக்குறிச்சிப் பையன். முப்பது வயதுகூட ஆகியிருக்காது. இதுதான் அவனுக்கு முதல் படம். அவனிடம் சொன்னதை இங்கேயும் எழுதி வைக்கிறேன். இத்தனை வருடம் தினமும் எழுதியும் என்னைப் பற்றி ஒரு இடத்தில் சேர்த்து எழுதியதில்லை.

எலவனாசூர்கோட்டையில் கூலி வேலை பார்த்த பிச்சைமுத்துவின் இரண்டாவது மகள். வைத்த பெயர் ஜெயம்மாள். பன்னிரண்டாவது முடித்த வருடம் அறிவொளி இயக்கத்தில் நாடகம் போட ஆள் கேட்டார்கள், போனேன். முதல் மேடை திருநாவலூரில் ஒரு டிராக்டர் டிப்பர். மைக் கிடையாது. தெருக்கோடியில் நிற்பவருக்கும் கேட்க வேண்டும். கேட்டது. குழுவை நடத்திய காசிநாதன்தான், இந்தக் குரலுக்கு ஜெயம்மாள் என்ற பெயர் போதாது என்று மணிமொழி ஆக்கினார். பிறகு கல்யாணமும் செய்துகொண்டார். டில்லி வரை நாடகம் கொண்டுபோனோம். ஒருமுறை விழுப்புரத்தில் கரண்ட் போய்விட்டது. இருட்டில் குரலை மட்டும் வைத்துக்கொண்டு மீதி நாடகத்தை முடித்தேன். ஒருத்தரும் எழுந்து போகவில்லை.

நாடகத்தில் வயிறு நிறையவில்லை. சினிமாவுக்கு வந்தேன். நாற்பது படங்களுக்கு மேல் ஆகிறது. கதாநாயகனின் அம்மா, பக்கத்து வீட்டுக்காரி, ஆஸ்பத்திரியில் தரை துடைப்பவள், பிணத்தின் மேல் விழுந்து அழுபவள். முகம் எனது. குரல் மட்டும் யாருடையதோ. சினிமாவில் கிராமம் என்றால் மதுரைப் பக்கம்தான். 'இன்னா', 'வூடு' என்று பேசுகிற கிராமமும் தமிழ்நாட்டில் இருக்கிறது என்பது அவர்களுக்குத் தெரியாது. "உங்க பேச்சு மெட்ராஸ் மாதிரியும் இல்ல, கிராமம் மாதிரியும் இல்லம்மா" என்று ஒரு டைரக்டர் சிரித்தார். தியேட்டரில் உட்கார்ந்து, என் வாயிலிருந்து இன்னொருத்தி பேசுவதைக் கேட்டு நானும் சிரித்திருக்கிறேன். வேறென்ன செய்வது?

தமிழழகன் முதல் நாளே சொன்னான்: "இந்தப் படத்துல உங்க கொரலுதாம்மா. நம்ம ஊரு பேச்சுதான். அதுக்காகத்தான் உங்ககிட்ட வந்தேன்."

ஐம்பத்தொரு வயதில் முதல் தடவை கதையின் நடுவில் நிற்கிறேன். காசிநாதன் இருந்து பார்த்திருக்க வேண்டும். அவர் போய் ஆறு வருடம்.

19.2.2024

குரல் கரகரவென்றே இருக்கிறது. குப்புவுக்கு அது பொருத்தமாக இருக்கிறதாம்.

27.2.2024

இன்று பாறை மேல் நின்று மகனைக் கூப்பிடும் காட்சி. படத்தின் உயிரே அதுதான் என்று தமிழழகன் வாரக்கணக்காகச் சொல்லி வந்தான்.

கீழே பள்ளத்தாக்கு முழுக்க வெயில். "ஏ ராசூ..." என்று கூப்பிட்டேன். எதிர்மலையில் பட்டுத் திரும்பி வந்தது. வெயில் சரியில்லை என்று மறுபடி. கேமரா ஆடிவிட்டது என்று மறுபடி. அப்புறம் ஒரு டேக்கில் 'ஏ' மட்டும் வந்தது. 'ராசு' வரவில்லை. வெறும் காற்று. கத்தி எடுத்துக் கிழித்த மாதிரி உள்ளே வலித்தது. காது வரை வலி போயிற்று.

எல்லோரும் கைதட்டினார்கள். குரல் உடைந்தது நடிப்பு என்று நினைத்தார்கள். நானும் சிரித்து வைத்தேன்.

அது நடிப்பு இல்லை. எனக்குத் தெரியும்.

9.3.2024

ஷூட்டிங் முடிந்தது. எல்லோருக்கும் மலைத்தேன் பாட்டில் கொடுத்து அனுப்பினார்கள். இறங்கும்போது கோமுகி அணையில் வண்டியை நிறுத்தி டீ குடித்தோம். விழுங்கும்போது வலிக்கிறது.

2.4.2024, சென்னை

டப்பிங் முதல் நாள். லொகேஷனில் பதிவான சத்தத்தில் காற்றும் ஜெனரேட்டரும் ஜாஸ்தி. எல்லாம் திரும்பப் பேச வேண்டும். திரையில் என் முகம், மைக் முன்னால் நான். முதல் தடவையாக இரண்டும் ஒரே ஆள். வீட்டுக் காட்சிகளைப் பேசி முடித்தேன்.

5.4.2024

சந்தைக் காட்சி முடிந்தது. அதற்கு மேல் முடியவில்லை. குரல் போய்ப் போய் வருகிறது. சவுண்ட் எஞ்சினியர் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் தலையைக் குனிந்துகொண்டான்.

தமிழழகன் என்னை நேராகக் காது மூக்கு தொண்டை டாக்டரிடம் கூட்டிப்போனான். மூக்கு வழியாகக் குழாய் விட்டுப் பார்த்தார். நிறைய நேரம் பார்த்தார். புகையிலை போடுவீர்களா என்று கேட்டார். இல்லை. வீட்டில் யாராவது புகைபிடிப்பார்களா? காசிநாதன் பிடிப்பார். இருபத்தைந்து வருடம் அவர் பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தேன். டாக்டர் குறித்துக்கொண்டார். சதை எடுத்துச் சோதனைக்கு அனுப்பியிருக்கிறார்.

16.4.2024, புதுச்சேரி

கேன்சர்.

17.4.2024

நேற்று அதற்கு மேல் எழுத முடியவில்லை.

சென்னை டாக்டர்தான் இந்த ஆஸ்பத்திரிக்கு எழுதிக் கொடுத்தார். இங்கே டாக்டர் அம்மா நல்லவர். படம் வரைந்து காட்டினார். குரல்வளை இங்கே, கட்டி இங்கே, குருத்தெலும்புக்கும் பரவியிருக்கிறது. கதிர்வீச்சு, அதாவது கரண்ட் வைத்துப் பார்க்கும் கட்டம் தாண்டிவிட்டது. முழுசாக எடுக்க வேண்டும். மூச்சு இனி கழுத்தில் ஒரு துளை வழியாகப் போகும்.

"பேச்சு?" என்று கேட்டேன்.

வேறு வழியில் பேசக் கற்றுக்கொள்ளலாம், கருவி இருக்கிறது, பயிற்சி இருக்கிறது என்றார்.

"என் கொரல்ல?"

அவர் பேனாவை மூடி வைத்தார். "இல்லம்மா" என்றார்.

ஆபரேஷன் மே முதல் வாரம். அதுவரை ஸ்கேன், ரத்தச் சோதனை எல்லாம் இருக்கிறது. அவ்வளவு நாள்தான் இந்தக் குரல்.

18.4.2024, சென்னை

தமிழழகன் வந்தான். நான் சொல்லச் சொல்ல அழுதான். ரிலீசைத் தள்ளிப்போடுகிறேன், படம் அப்படியே கிடக்கட்டும் என்றான். தள்ளிப்போட்டால் குரல் வந்துவிடுமா தம்பி என்று கேட்டேன். அப்புறம் தயங்கித் தயங்கி, மீதியை வேறு யாராவது பேசினால் சம்மதிப்பேனா என்று கேட்டான். சம்மதிக்காவிட்டால் வேண்டாம் என்றான்.

முடியாது என்று சொல்லி அனுப்பிவிட்டேன்.

ஏன் முடியாதுன்றேன்? ஒரே ஒரு படம்டா. ஒண்ணே ஒண்ணு. ஊரு பேச்சுல, என் பேர்ல, என் வாயால. அதுவும் பாதியில புடுங்கிக்கினு போகணுமா? இன்னா பாவம் பண்ணேன் நான்? யாரு சாமி கேக்கறது இத?

20.4.2024

அக்காவிடம் சொல்லிவிட்டேன். தொண்டையில் கட்டி, ஆபரேஷன் என்று மட்டும். பச்சையம்மாள் அக்காவுக்கு இரண்டு சொன்னால் நாலு புரியும், அதனால் ஒன்றுதான் சொன்னேன். கரும்பு வெட்டு முடிந்ததும் புதுச்சேரிக்கு வந்துவிடுகிறேன் என்றாள்.

21.4.2024

இன்று ஒரு பெண் வந்தாள். நாற்பத்தைந்து வயது இருக்கும். குள்ளமாக, கையில் சாத்துக்குடிப் பையோடு வாசலில் நின்றாள். "செந்தமிழ்ச்செல்வி" என்றாள். எனக்குத் தெரியவில்லை. ஆனால் அவள் அடுத்த வார்த்தை பேசியதும் நிமிர்ந்து பார்த்தேன். அந்தக் குரல் எனக்குத் தெரியும். எத்தனை தியேட்டரில் என் வாயிலிருந்து வந்த குரல்!

டப்பிங் கலைஞர். இருபது வருடமாக எனக்கு அதிகம் பேசியது அவள்தானாம். ஒரே ஸ்டூடியோவில் வேலை பார்த்திருக்கிறோம், ஒரு நாளும் சந்தித்ததில்லை. நான் நடித்துவிட்டுப் போய்விடுவேன். அவள் மாதங்கள் கழித்து வருவாள்.

தமிழழகன் அனுப்பினானா என்று கேட்டேன். அவர் என்னைக் கூப்பிட்டார், நான்தான் உங்களைக் கேட்காமல் ஒத்துக்கொள்ள மாட்டேன் என்று சொல்லிவிட்டு வந்தேன் என்றாள்.

அவளுக்கும் நடிக்கத்தான் ஆசை. பதினாறு வயதில் வாய்ப்புக் கேட்டுப் போனவளை, முகத்துக்கு ஒன்றும் கிடைக்காது, குரலுக்கு வேண்டுமானால் வேலை தருகிறோம் என்றார்களாம். "எங்க வூட்டு எதிர் வூட்டுக்காரிக்கே நான் இன்னா வேலை பாக்கறேன்னு தெரியாதுக்கா. ஆபீஸ் போறேன்னு நெனச்சிக்கினு இருக்கு" என்றாள்.

நான் கோபமாகத்தான் உட்கார்ந்திருந்தேன். எழுந்து போகும்போது சொன்னாள்: "நீங்க வேணாம்னா நான் பேச மாட்டேன். ஆனா வேற ஒருத்தி பேசுவா. அவ உங்களக் கேக்க மாட்டா."

22.4.2024

சாத்துக்குடி அப்படியே இருக்கிறது. பிழிந்து குடித்தாலும் எரிகிறது.

யோசித்துப் பார்க்கிறேன். மீதி நாளில் ஸ்டூடியோவுக்குப் போய் இன்னும் ரெண்டு மூன்று காட்சி தேற்றலாம். கிழிந்த குரலில், பாதி கேட்காமல். இல்லையென்றால் மிச்சமிருக்கிற குரலை அவளுக்குச் சொல்லிக்கொடுக்கச் செலவழிக்கலாம்.

இரண்டும் முடியாது. தண்ணீர் ஒரு செம்புதான் இருக்கிறது.

23.4.2024

செல்வியை வரச் சொல்லிவிட்டேன்.

25.4.2024, வெள்ளிமலை

செல்விக்கு மெட்ராஸ் பேச்சு வரும். எங்கள் பேச்சு அதற்குப் பக்கத்தில்தான் இருக்கிறது, ஆனால் அதுவே இல்லை. வீட்டில் உட்கார்ந்து சொல்லிக்கொடுத்தால் வராது என்று இங்கேயே கூட்டிவந்துவிட்டேன். சின்னசேலம் வரை ரயில், அங்கிருந்து கள்ளக்குறிச்சி, கச்சிராயபாளையம், அப்புறம் மலை வளைவுகள். வழியெல்லாம் பக்கத்தில் உட்காரும் பெண்களிடம் ஏதாவது கேட்டுக்கொண்டே வந்தாள். நான் பேசவில்லை. சேர்த்து வைத்துக்கொண்டேன்.

சந்தையில் ஒரு பெண் மரவள்ளிக் கிழங்கைக் கூறு கட்டிக்கொண்டே மகளைத் திட்டினாள். செல்வி நின்று கேட்டாள். "கோவம் வந்தா இவங்க சத்தம் ஏறல, எறங்குதுக்கா" என்றாள். ஆமாம். எங்கம்மாவும் அப்படித்தான். நான் கவனித்ததே இல்லை.

26.4.2024

பாறைக்குக் கூட்டிப்போனேன். குப்பு மகனைக் கூப்பிட்ட இடம். அங்கே உட்கார்ந்து வசனங்களை ஒவ்வொன்றாகச் சொன்னேன். அவள் திருப்பிச் சொன்னாள். என் குரல் அடுத்த ஆளுக்குத்தான் எட்டும், அவ்வளவு கம்மி. அதனால் அவள் என் வாய்க்கு அருகே காதை வைத்துக்கொண்டாள்.

"எம்புள்ள சோத்துக்குத்தான் போனான், திருடப் போவல" என்ற வரி அவளுக்கு அழுகையாகவே வந்தது. அழாதே என்றேன். அது அழுகிற வரி இல்லை. போலீஸ்காரன் கேட்கிறான், குப்பு கணக்குச் சொல்கிற மாதிரி சொல்கிறாள். ஐந்தாறு தடவை சொன்ன பிறகு வந்தது.  அது நான் சொன்ன மாதிரியே இருந்தது. நான் சொன்னதைவிட நன்றாக இருந்தது.

சந்தோஷப்பட வேண்டும். படவில்லை. பொறாமையாக இருந்தது. ஒளிக்க என்ன இருக்கிறது இதில்?

கடைசியில் அவள் எழுந்து நின்று "ஏ ராசூ" என்று கூப்பிட்டாள். மலை திருப்பிக் கொடுத்தது. நான் செருப்பைத் தேடுகிற மாதிரி குனிந்துகொண்டேன்.

28.4.2024

இறங்கிவிட்டோம். உளுந்தூர்பேட்டையில் அவள் சென்னை பஸ் ஏறினாள். ஜன்னல் வழியாக, "நான் நல்லாப் பேசறேன்க்கா" என்றாள். நான் கையை ஆட்டினேன்.

5.5.2024, புதுச்சேரி

நாளைக்கு ஆபரேஷன்.

கடைசியாக யாரிடம் பேசுவது என்று மத்தியானத்திலிருந்து யோசனை. காசிநாதன் இருந்தால் யோசிக்க வேண்டியதில்லை. என்ன பேசுவது? ஏதாவது ஒரு நாடக வசனத்தைச் சொல்லிப் பார்க்கலாமா? ஆஸ்பத்திரிக் கட்டிலில் உட்கார்ந்து தனியாகச் சொன்னால் நர்ஸ் பயந்துவிடுவாள்.

சாயந்திரம் அக்காவே போன் செய்தாள். காலையில் முதல் பஸ்ஸைப் பிடிக்கிறாளாம். "கன்னுக்குட்டி கவுத்த அறுத்துக்கினு மேயப் போயிடிச்சி. அத்தத் தேடிக்கினு இம்மா நேரம் அலைஞ்சேன். தண்ணி வேற வரல. நீ சாப்ட்டியா?" என்றாள். ஊம் என்றேன். டாக்டர் சாப்பிடச் சொன்னாரா என்றாள். ஊம். அவள் பேசிக்கொண்டே போனாள், மக்காச்சோளம், மருமகள், பக்கத்து வீட்டுச் சண்டை. நான் கேட்டுக்கொண்டே இருந்தேன். ஏதாவது பெரிதாகச் சொல்ல வேண்டும் என்று நினைத்து நினைத்து, "சரிக்கா, வெச்சிடு" என்றேன்.

அவ்வளவுதான். அதுதான் கடைசி.

13.5.2024

எழுத முடிகிறது. மூக்கில் குழாய், அது வழியாகத்தான் சாப்பாடு. கழுத்தில் துளை. இருமினால் சளி அங்கிருந்து வருகிறது.

இன்று கண்ணாடி கேட்டேன். அக்கா தர மாட்டேன் என்றாள். பிறகு தந்தாள்.

16.5.2024

நேற்று ஒரு கனவு. மேடையில் இருக்கிறேன், சத்தமாகப் பேசுகிறேன். விழித்ததும் "அக்கா" என்று கூப்பிட்டேன். கூப்பிட்டேன் என்றுதான் நினைத்தேன். அவள் கீழே பாயில் அசையாமல் படுத்திருந்தாள். கையை நீட்டித் தட்டி எழுப்பினேன்.

2.6.2024, எலவனாசூர்கோட்டை

அக்கா வீட்டுக்கு வந்துவிட்டேன். சிலேட்டில் எழுதிக் காட்டுகிறேன். அக்கா எழுத்துக்கூட்டிப் படிக்கிறாள். அதற்குள் சொல்ல வந்தது ஆறிப்போகிறது.

வாசனை தெரியவில்லை. மூச்சு மூக்கு வழியாகப் போனால்தானே தெரியும்? டாக்டர் அம்மா இதைச் சொன்னாரா, நான் காதில் வாங்கவில்லையா? அடுப்பில் பால் தீய்ந்து ஓடியிருக்கிறது, பக்கத்திலேயே உட்கார்ந்திருக்கிறேன். அக்கா வயலிலிருந்து ஓடிவந்தாள். திட்ட வாயெடுத்து, என் கழுத்தைப் பார்த்துவிட்டு நிறுத்திக்கொண்டாள். திட்டியிருக்கலாம்.

சூடான சோற்றை ஊதக்கூட முடியாது. காற்று வாய் வழியாக வருவதில்லை.

19.6.2024

அக்காவின் பேத்தி மணிமேகலை, ஆஸ்பத்திரியில் கொடுத்த பேச்சுக் கருவியைப் பார்த்து அழுதுவிட்டாள். கழுத்தில் வைத்தால் இயந்திரம் மாதிரி ஒரே சுருதியில் பேசுகிறது. பெட்டியில் போட்டு வைத்துவிட்டேன்.

ஒரு நடிகைக்கு ஒரே சுருதி.

8.8.2024

தமிழழகன் வந்தான். செல்வி பேசி முடித்துவிட்டாளாம். எனக்குப் போட்டுக்காட்ட லேப்டாப் கொண்டுவந்திருந்தான். வேண்டாம் என்று எழுதினேன்.

14.2.2025, கள்ளக்குறிச்சி

படம் இன்று வந்தது. தமிழழகன் சென்னைக்கு வரச்சொன்னான். நான் இங்கேதான் பார்ப்பேன் என்று எழுதி அனுப்பிவிட்டேன். அக்காவும் நானும் கள்ளக்குறிச்சித் தியேட்டரில் சாயந்திர ஆட்டம். கழுத்தில் சால்வை சுற்றிக்கொண்டேன். அரங்கில் பாதிகூட நிறையவில்லை.

முதல் வரி என் குரலில் வந்ததும் சால்வையை இழுத்துப் பிடித்துக்கொண்டேன். 'ராசு, சோறு ஆறுதுடா' என்பதுதான் வரி. அதில் என்ன இருக்கிறது? ஆனாலும் அது நான். அந்தக் குரல் இப்போது இந்த ஊரில், இந்தச் சுவருக்குள் மட்டும்தான் இருக்கிறது.

சந்தைக்குப் பிறகு செல்வி. எங்கே மாறுகிறது என்று எனக்குத் தெரியும், அதனால் கையை இறுக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். யாரும் திரும்பவில்லை, யாரும் முணுமுணுக்கவில்லை. அக்கா பக்கத்தில் அழுதுகொண்டே பார்த்தாள். பாறையில் குப்பு மகனைக் கூப்பிட்டபோது முன்வரிசையில் ஒரு பெண் எழுந்து வெளியே போய்விட்டாள். நல்ல படம். செல்வி சொன்ன சொல்லைக் காப்பாற்றிவிட்டாள்.

கூடப்பிறந்தவளுக்கே தெரியவில்லையே என்று எனக்கு மனசு விட்டுப்போயிற்று. அம்பது வருசம் கேட்ட கொரலு. அக்காவுக்கே தெரியலன்னா வேற யாருக்குத் தெரியப் போவுது? அப்போ என் கொரலுன்னு ஒண்ணு இருந்திச்சா இல்லியா?

 எலவனாசூர்கோட்டையில் பஸ் இறங்கி நடக்கும்போதுதான் அக்கா சொன்னாள்.

"சந்தையில கேட்டுக்கினு போற வரைக்கும் நீயி. அப்பால வேற ஆளு."

நான் நின்றுவிட்டேன்.

"சொல்லக் கூடாதுன்னுதான் இருந்தேன். அந்தப் பொண்ணு நல்லாத்தான் பேசுது, நான் ஒண்ணும் கொற சொல்லல. ஆனா நீ அழுதா மூக்க உறிஞ்சிக்கினே பேசுவ. அம்மா செத்த அன்னிக்கு அப்பிடித்தான் பேசுன. அது சுத்தமா அழுவுது."

சாலையில் லாரிகள் போய்க்கொண்டிருந்தன. நான் அவள் தோளில் முகத்தை வைத்துக்கொண்டு அழுதேன். சத்தமில்லாத அழுகை, கழுத்துத் துளையில் மட்டும் காற்று புஸ் புஸ்ஸென்றது. அக்கா சால்வையை இழுத்து மூடிவிட்டாள், தூசி போய்விடும் என்று.

11.4.2025

சென்னையிலிருந்து போன். ஒரு மேனேஜர். நல்ல படம் பார்த்தேன், உங்களுக்கு ஒரு வாய்ப்பு இருக்கிறது என்றாராம். அக்கா மகன் எடுத்துப் பேசினான். பேச வேண்டியதில்லையாம். கதாநாயகனின் இறந்துபோன அம்மா. சுவரில் மாலை போட்ட படம்.

15.4.2025, சென்னை

போனேன். ஏன் போனேன் என்று தெரியவில்லை. வீட்டில் உட்கார்ந்து உட்கார்ந்து மேக்கப் ஞாபகம் வந்துவிட்டதோ என்னவோ.

நீலப் பட்டுப்புடவை, கழுத்து மறைய ரவிக்கை. போட்டோ எடுத்த பையன், "கொஞ்சம் சிரிங்கம்மா" என்றான். சிரித்தேன். "சூப்பர்மா, அப்பிடியே இருங்க" என்றான்.

வெளியே வந்து செல்வி வீட்டுக்குப் போனேன். மாலை போட்ட படத்துக்குச் சிரித்துவிட்டு வந்ததை அவளிடம் எழுதிக் காட்டினேன். படித்துவிட்டு உள்ளே போய் நிறைய நேரம் பாத்திரம் கழுவினாள். திரும்பி வந்து, "மேடை ஏறலாமாக்கா?" என்றாள். கேலி செய்கிறாளா என்று பார்த்தேன். இல்லை.

30.6.2025

ஒத்திகை. காசிநாதன் எழுதிய பழைய நாடகம், தண்ணீருக்கு நடக்கிற ஒரு பெண்ணின் கதை. நான் நடக்கிறேன். செல்வி மேடையிலேயே நின்று பேசுகிறாள். திரைக்குப் பின்னால் நிற்கிறேன் என்றாள், நான் விடவில்லை. கைகாலை என்ன செய்வது என்று அவளுக்குத் தெரியவில்லை. முந்தானையைத் திருகிக்கொண்டே இருக்கிறாள்.

எனக்கு மூச்சு வாங்குகிறது. அடுத்த மாதம் மறுபடி ஸ்கேன்.

24.7.2025, புதுச்சேரி

நுரையீரலில் ஒரு புள்ளி. சிறியதுதான், பார்த்துக்கொள்ளலாம் என்றார் டாக்டர் அம்மா. மருந்து செப்டம்பர் கடைசியில் ஆரம்பிக்கலாம் என்று கேட்டு வாங்கிக்கொண்டேன். செல்விக்கும் அக்காவுக்கும் நாடகம் முடிந்ததும் சொல்ல வேண்டும்.

14.9.2025, வெள்ளிமலை

இன்று பள்ளிக்கூட மைதானத்தில் நாடகம். தமிழழகன்தான் ஏற்பாடு. சந்தை நாள் என்பதால் வீடு திரும்புகிற கூட்டம் மூட்டை முடிச்சோடு உட்கார்ந்துவிட்டது. அக்கா முதல் வரிசையில் சம்மணமிட்டிருந்தாள்.

தொடங்கும் முன் செல்வி மறுபடி முந்தானையைத் திருகிக்கொண்டிருந்தாள். நான் அவள் கையைப் பிடித்துக்கொண்டு மேடைக்கு ஏறினேன். வெளிச்சம் அவள் முகத்தில் பட்டது. கண்ணைச் சுருக்கிக்கொண்டாள்.

நன்றாகத்தான் போயிற்று. நடுவில், வறண்ட கிணற்றை எட்டிப் பார்த்துவிட்டுப் பெண் பேசுகிற இடத்தில், செல்வி நின்றுவிட்டாள். வசனம் மறந்துவிட்டது. மைக் முன்னால் காகிதம் வைத்தே பேசிப் பழகியவள். கூட்டம் காத்திருந்தது. பின்னால் யாரோ ஒரு பிள்ளை அழுதது. எனக்கு அந்த வரி தெரியும். முப்பது வருடமாகத் தெரியும். என்னால் எடுத்துக் கொடுக்க முடியாது.

குடத்தை இடுப்பிலிருந்து இறக்கி வைத்துவிட்டு அவள் எதிரே போய் நின்றேன். வரியைச் சொன்னேன். சத்தம் இல்லை, உதடு மட்டும். அவள் என் வாயையே பார்த்தாள். இருபது வருடம் இருட்டறையில் அதைப் பார்த்துத்தானே பேசினாள்! இரண்டாவது சொல்லில் அவள் குரல் வந்து என் உதட்டோடு சேர்ந்துகொண்டது. அதன் பிறகு எல்லாம் அப்படியே, கடைசி வரி வரை. நான் அசைத்தேன், அவள் பேசினாள்.

கைதட்டினார்கள். செல்வி எந்தப் பக்கம் திரும்பிக் கும்பிட வேண்டும் என்று தெரியாமல் என்னைப் பார்த்துக்கொண்டு நின்றாள். அவள் தோளைப் பிடித்துக் கூட்டத்தின் பக்கம் திருப்பி விட்டேன்.